கேடயம் ஏற வந்த அரசன்

முன்னொரு காலத்தில், ரோமாபுரிப் பேரரசு நொடித்துப் போன பிறகு, அதன் மேற்குச் சீமையை அல்தரிக் என்றொரு அரசன் ஆண்டுவந்தான். வடக்கிலிருந்து குதிரையேறி வந்த கூட்டத்தின் தலைவன். கூடாரத்தில் பிறந்தவன் பளிங்கு மாளிகையில் குடியேறியிருந்தான். சண்டையில் புலிதான். ஆனால் மாளிகையில் யாராவது செருப்புச் சத்தத்தோடு நடந்தால், கத்தியோடு எவனோ வருகிறான் என்று திடுக்கிடுவான். சந்தேகப் பிராணியிடம் வேலை பார்க்கும் கஷ்டம் எதிரிக்கும் வரக் கூடாது.

அந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. அரசனாக ஒருவனைத் தேர்ந்தெடுத்தால், பெரிய கேடயத்தின்மேல் நிற்கவைத்து நான்கு வீரர்கள் தோளுக்குத் தூக்குவார்கள். தூக்கப்பட்டவன் அரசன். அல்தரிக்கையும் அப்படித்தான் தூக்கினார்கள். அப்போது அவன் ஒல்லி. பிறகு ரோமாபுரிச் சமையல்காரர்கள் வந்தார்கள், வாத்து வறுவல் வந்தது, தேன் பணியாரம் வந்தது. இப்போது அவன் எப்படி இருந்தான் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அமைச்சர் செரேனஸ் பழைய ரோமாபுரிக் குடும்பத்தவர். அரசன் அவர் பேச்சைக் கேட்பான். தளபதி குந்தோல்டுக்கு அதில் தீராத வயிற்றெரிச்சல். அவரை எங்கே அடித்தால் வலிக்கும் என்று பார்த்தான். அவருடைய ஒரே மகள் லூக்கில்லாவின் கணவன் விட்டிமர், அரசனின் படைவீரன்.

"அரசே, நம் வீரர்களிலேயே துரோகி இருக்கிறான்" என்று குந்தோல்ட் காதில் ஓதினான். "வசந்த விழாவில் மறுபடி கேடயத்தில் ஏறுங்கள். விசுவாசியின் தோள் ஆடாது."

அரசனுக்கு அது பிடித்துவிட்டது. சபை நடுவே ஈட்டியைத் தொட்டு, "நான் நிற்கும்போது கேடயம் ஆடினால் தூக்கிய நால்வர் தலையும் போகும்" என்றான். ஈட்டியைத் தொட்டுச் சொன்னதை அரசனே நினைத்தாலும் மாற்ற முடியாது. நால்வரையும் குந்தோல்டே பொறுக்கினான். முதல் ஆள் விட்டிமர்.

லூக்கில்லா நிறைமாதக் கர்ப்பிணி. "அப்பா, அவர் சாப்பிடுவதில்லை. கொல்லையில் மாவரைக்கும் கல்லைத் தூக்கித் தூக்கிப் பழகுகிறார். ஏதாவது செய்யுங்கள்" என்றாள்.

"செய்கிறேன் அம்மா" என்றார் செரேனஸ். என்ன செய்வதென்று அவருக்கே தெரியவில்லை. அவருக்கும் சோறு இறங்கவில்லை.

விழா நாள் வந்தது. மைதானம் நிறைய ஜனம். கேடயத்தைச் சுற்றி நால்வரும் முகம் வெளுத்து நின்றார்கள். அரசன் தலையில் மணிமுடியோடு வந்து ஒரு காலைக் கேடயத்தில் வைத்தான்.

"அரசே, ஒரு சந்தேகம்" என்றார் செரேனஸ். "நான் ரோமாபுரிக்காரன், உங்கள் வழக்கம் தெரியாது. முடியோடு ஏறலாமா?"

குந்தோல்ட் சிரித்தான். "இதுகூடத் தெரியாமலா அமைச்சர் வேலை? அரசனாக்கத்தானே கேடயம்? முடியைக் கழற்றிவிட்டுத்தான் ஏற வேண்டும்."

"அப்படியா? கழற்றிய முடி அந்த நேரத்தில் யாருடையது?"

"யாருடையதும் இல்லை. நால்வரும் யாரைத் தூக்குகிறார்களோ அவனுடையது. என் பாட்டனார் காலத்திலிருந்து இதுதான் வழக்கம்."

"நால்வரையும் தேர்ந்தெடுத்தவர்?"

"நான்தான்" என்று மார்தட்டிக்கொண்டான் தளபதி. முடி யாருடையதும் இல்லாத நேரத்தில் தூக்குகிறவர்கள் தன் ஆட்கள் என்று தானே ஒப்புக்கொண்டது, சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது.

அரசன் காலைப் பின்னுக்கு இழுத்தான். அவன் பார்வை குந்தோல்டிடமிருந்து நால்வர் மேல் திரும்பியது. செரேனஸுக்கு உயிரே போய்விட்டது. காப்பாற்றப் போய் மருமகனை நானே மாட்டிவிட்டேனோ என்று பதறினார்.

"அரசே, அவர்களைப் பாருங்கள், நடுங்குகிறார்கள்" என்றார் அவசரமாக. "முடியைப் பறிக்க வந்தவன் இப்படியா நடுங்குவான்? தலை தப்பினால் போதும் என்று நிற்கிறார்கள்."

அரசன் விட்டிமரின் கையைப் பிடித்துப் பார்த்தான். அது ஐஸாகக் குளிர்ந்திருந்தது. வெகுநேரம் விடவில்லை.

"நான் கேடயத்தில் நிற்கவில்லை. அதனால் அது ஆடவும் இல்லை. என் வாக்கு கெடவில்லை" என்றான் கடைசியில். "வீட்டுக்குப் போங்கள்."

குந்தோல்ட் காலில் விழுந்தான். "நான் அப்படி நினைக்கவே இல்லை அரசே." அது உண்மை என்று செரேனஸுக்குத் தெரியும். உயிரை மட்டும் விட்டுவிடும்படி கேட்டுக்கொண்டார். அரசன் தளபதிப் பதவிக்கு அடையாளமான இடைக்கச்சையை அவனிடமிருந்து உருவிவிட்டு, அந்தக் கேடயத்தை அவன் முதுகிலேயே ஏற்றி ஊர் பார்க்க அரண்மனைக்குச் சுமக்க வைத்தான். அவன் கால் தடுமாறியபோதெல்லாம் ஜனம் சிரித்தது.

"அமைச்சரே, என்ன பரிசு வேண்டும்? தயங்காமல் கேளும்" என்றான் தன் ஆசனத்தில் போய் அமர்ந்த அரசன்.

அந்த நாட்டில் அரசன் முன்னால் யாரும் உட்காரக் கூடாது.

"கொஞ்சம் உட்காரட்டுமா அரசே? கால் நிற்கவில்லை" என்றார் செரேனஸ்.

அரசன் தன் ஆசனத்தில் நகர்ந்து இடம் விட்டான்.