கை தூக்கினால் பஸ் நிற்கும் பள்ளிக்கூடம்

மைக்செட் ஆவுடையப்பன் கையில் மைக்கைக் கொடுத்தது ஜெசிந்தா டீச்சர் செய்த தவறு. தலைமையாசிரியையாக மாற்றலாகி வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, பாவம். ஊர்க்காரர்கள் நாங்கள் என்றால் மைக்கை மேசைக்காலில் கட்டிப் போட்டுவிட்டுத்தான் அவரைக் கூப்பிட்டிருப்போம்.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை, எங்கள் நடுநிலைப்பள்ளியில் பள்ளி மேலாண்மைக் குழுவுக்குத் தேர்தல். இந்தத் தேர்தலுக்குப் பெட்டியும் கிடையாது, சின்னமும் கிடையாது. இங்கே படிக்கிற பிள்ளைகளின் அப்பா அம்மாக்கள் மைதானத்தில் உட்கார்ந்து, கையைத் தூக்கி ஆளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தலைவியாக வருகிறவர் இங்கே படிக்கிற ஒரு பிள்ளையின் அம்மாவாக இருக்க வேண்டும். ஆனால் பெற்றோரில் பாதிப்பேராவது வந்து உட்கார்ந்தால்தான் தேர்தல் செல்லும் என்று டீச்சர் சொல்லிவிட்டார். எங்கள் ஊரில் அங்கேதான் இடிக்கும். வருகிறவர் மைதானத்தை எட்டிப் பார்ப்பார். "கூட்டமே இல்லையே" என்று எதிரே டீக்கடைக்குப் போய்விடுவார். அடுத்தவரும் அப்படியே. டீக்கடையில் மட்டும் எந்நேரமும் பாதிப்பேருக்கு மேல் இருப்பார்கள்.

ஏற்கெனவே இரண்டு தடவை இப்படித்தான் கலைந்தது. மூன்றாவது தடவையும் கலைந்துவிடுமோ என்று வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்தது பேச்சித்தாய் ஒருத்திதான். பீடித்தட்டை மடியில் வைத்துச் சுற்றிக்கொண்டே முன்னால் உட்கார்ந்திருந்தாள். அவள் மகள் ஏழாம் வகுப்பு. பெண்பிள்ளைகளின் கக்கூசுக்குக் கதவு கிடையாது. அதனால் அந்தப் பிள்ளை காலையில் இருந்து பள்ளிக்கூடம் விடுகிறவரைக்கும் ஒரு வாய் தண்ணீர் குடிக்காது. குழு அமைந்தால்தான் தீர்மானம் போட்டுக் கதவு கேட்க முடியும்.

"இன்னைக்கும் கலைஞ்சா எம் பிள்ளை காஞ்சு கருவாடாப் போயிரும் டீச்சர்" என்றாள்.

டீச்சர் ஆவுடையப்பனைப் பார்த்தார். "சார், எல்லாரையும் வரச்சொல்லி ஒரு அறிவிப்பு மட்டும் கொடுத்திடுங்க."

ஆவுடையப்பன் மைக்கைத் தட்டினார். தொண்டையைச் செருமினார். டீக்கடைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார்.

"பெரியோர்களே, தாய்மார்களே! இதெல்லாம் ஒரு கூட்டமா? போன தேர்தலுக்கு வந்துச்சு பாருங்க, அது கூட்டம்! அந்தப் புளியமரத்துல ஒத்தக் குழாயைக் கட்டி, 'வாங்க'ன்னு ஒரு சொல்லுதான் சொன்னேன். சங்கரன்கோவில்ல சோறு தின்னுக்கிட்டிருந்தவன் கை கழுவாம ஓடி வந்தான். கொழும்புல இருந்து ஒருத்தர் தோணியில வந்து எறங்கி, 'எனக்கும் ஓட்டு உண்டா'ன்னு கேக்காரு. பிள்ளை இங்க படிக்கான்னா கைதூக்கும், இல்லைன்னா கருப்பட்டி வாங்கிட்டுப் போவும்னு அனுப்பி வச்சேன். சட்டம்னா சட்டம்!"

டீக்கடையில் இரண்டு பேர் கிளாசை வைத்துவிட்டு எழுந்தார்கள்.

"ஓய், போன தேர்தலுக்கு நானும் வந்தேன்" என்று பின்னால் இருந்து சத்தம் போட்டார் பால்கார இசக்கி. "இங்க நானும் ஒரு ஆடும்தான் நின்னோம்."

"நீரு சீக்கிரம் வந்துட்டீரு இசக்கி. ஆடும் சீக்கிரம் வந்துட்டு. அதுக்குப் பெறவு வந்த கூட்டத்தைக் கேளும்! உக்கார எடமில்லாம பாதிப்பேரு புளியமரத்துல. மரம் பாரம் தாங்காம முட்டி போட்டு உக்காந்துட்டு. பிள்ளையளை வீட்டுக்கு அனுப்ப வழியில்ல, தலைக்கு மேலயே நடத்தி அனுப்பினோம். சரி, தலைவிக்கு யாரு நிக்கியன்னு கேட்டா, அத்தனை தாய்மாரும் எந்திரிச்சுட்டாவ! எல்லாரும் வேட்பாளரு. ஆளுக்கு ஒரு ஓட்டு, அவுக அவுக கை. ஒருத்திக்கு மட்டும் ரெண்டு ஓட்டு விழுந்து ஜெயிச்சா."

"ரெண்டாவது ஓட்டு யாரு போட்டா அண்ணாச்சி?" என்றாள் பேச்சித்தாய்.

"அவ புருசன்."

மைதானமே சிரித்தது. "கொழும்புத் தோணியை நம்பிட்டோம் அண்ணாச்சி, இதை நம்ப முடியாது" என்றாள் அவள். சிரிப்புச் சத்தம் கேட்டு டீக்கடையில் மிச்சமிருந்தவர்களும் ரோட்டைக் கடந்து வந்தார்கள். டீக்கடைக்காரரே வடைச்சட்டியை இறக்கி வைத்துவிட்டு வந்து நின்றார். அவர் பையன் நான்காம் வகுப்பு. ஜெசிந்தா டீச்சர் மைக்கை வாங்கக் கையை நீட்டியவர், அப்படியே மடக்கிக்கொண்டு தலைகளை எண்ணத் தொடங்கினார்.

ஆவுடையப்பனுக்கு ஆள் சேரச் சேர அருள் வந்துவிட்டது.

"கை தூக்கினாவ பாருங்க, எத்தனை கை! மைதானமே நிழலாப் போச்சு. காக்கா குருவியெல்லாம் பொழுது அடைஞ்சிட்டுன்னு வெரல்ல வந்து உக்காந்துட்டு. எண்ணி முடிக்கதுக்குள்ள நிறையப் பேருக்குக் கை அப்படியே பிடிச்சுக்கிட்டு. கீழத்தெரு சம்முகத்துக்கு இன்னைக்கும் வலது கை எறங்கல. அவன் ரோட்டோரம் நின்னா வாரபோற பஸ்ஸெல்லாம் நிக்கி. எக்ஸ்பிரஸ்கூட நிக்கி!"

"இங்க டவுன் பஸ்ஸே நிக்காதுவே!" என்றார் இசக்கி.

"சம்முகம் இல்லாத நாள்ல நிக்காது."

"சரி அண்ணாச்சி, அந்தக் குழு என்ன செஞ்சுச்சு?" என்றாள் பேச்சித்தாய். "மதில் எங்க? நடுக்கூட்டத்துல ஆடு நிக்கி, பாருங்க."

"மதிலா? மொதத் தீர்மானமே மதிலுதான். தீர்மானத்துல ஈரம் காயுமுன்ன மதிலு எந்திரிச்சுட்டு. எந்திரிச்சது நிக்கல தாயி! ஏறிக்கிட்டே போச்சு. வெயிலு உள்ள வரல. சித்திரை மாசம் பிள்ளைய குளிருல நடுங்குது. கொஞ்சம் எறங்குன்னு ஒரு வார்த்தை சொன்னேன். கோவிச்சுக்கிட்டு மொத்தமா எறங்கிட்டு." மூச்சு வாங்கிக்கொண்டார். "ரெண்டாவது தீர்மானம் சத்துணவு முட்டை. தேங்காய் தண்டிக்கு முட்டை! ஒரு முட்டையை ரெண்டு பிள்ளைய உருட்டிக்கிட்டு வரும். இதைக் கேள்விப்பட்டு டவுன்ல இங்கிலீஷ் பள்ளிக்கூடம் நடத்துதவரே பேரனைக் கூட்டிக்கிட்டு வந்து வாசல்ல நின்னாரு. எடமில்ல, அடுத்த வருசம் பாப்போம்னுட்டேன். எவனுக்காவது அறிவிருந்தா இந்தப் பள்ளிக்கூடத்தை விட்டுட்டு வேற எடத்துல பிள்ளையைச் சேப்பானா?"

கைதட்டல் காதைப் பிளந்தது. மைதானம் நிறைந்திருந்தது. டீச்சர் எண்ணி முடித்தார். முகம் வாடியது.

"இன்னும் ஒரே ஒரு ஆள் குறையுதே."

பேச்சித்தாய் பீடி சுற்றுவதை நிறுத்திவிட்டாள். ஆளுக்கு ஆள் சுற்றிப் பார்த்தோம். வர வேண்டியவர்களில் மிச்சப்பேர் தீப்பெட்டி ஆபீசில் இருந்தார்கள், சாயங்காலம்தான் விடுவார்கள். அப்போது டீச்சர் முகம் மலர்ந்தது. "அட, ஆவுடையப்பன் சாரை நான் எண்ணவே இல்லையே! சார், உங்க பிள்ளை எந்த வகுப்பு?"

ஆவுடையப்பன் குனிந்து மைக் வயரில் இல்லாத சிக்கலை எடுக்க ஆரம்பித்தார்.

வாசலில் ஹாரன் சத்தம் கேட்டது. மஞ்சள் வேன். டவுன் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்து வேன். டிரைவர் தலையை நீட்டி, "அண்ணாச்சி, வீடு பூட்டிக் கிடக்கு. ஒங்க பிள்ளையை இங்க எறக்கி விடவா?" என்றார். டையும் ஷூவுமாக அவர் மகள் செண்பகா இறங்கினாள். ஊரில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதிதான். பேச்சு வேகத்தில் அவருக்குத்தான் மறந்துவிட்டது.

"எவனுக்காவது அறிவிருந்தான்னு சொன்னீரே" என்று இசக்கி மெல்ல ஆரம்பித்தார்.

ஆவுடையப்பன் மைக்கை விடவில்லை. "அதாவது என்னன்னா, அங்க என்னதான் நடக்குன்னு பாத்துட்டு வர, நம்ம பள்ளிக்கூடத்து சார்பா உளவு பாக்க நான் அனுப்பின ஆளு அது!"

"உளவு போதும் அண்ணாச்சி" என்றாள் பேச்சித்தாய். குரலில் கேலி இல்லை. "எங்களுக்கு ஒரு ஆளு குறையுது."

செண்பகா அதற்குள் அப்பா பக்கத்தில் வந்து நின்றாள். வழியெல்லாம் குழாயில் கேட்டுக்கொண்டே வந்திருக்கிறாள். "அப்பா, தேங்காய் தண்டிக்கு முட்டை நெசமாவா?"

ஊர் முழுக்கப் பொய் சொல்கிற மனுசனுக்கு அந்தக் கண்ணைப் பார்த்து, "நான் சொன்னது பொய்" என்று மட்டும் சொல்ல வரவில்லை. எனக்கே பாவமாக இருந்தது. வேர்த்து விறுவிறுத்து, "நெசந்தாம்மா" என்றார்.

"அப்போ நான் இங்கதான் படிப்பேன்."

"சேர்க்கை நடந்துகிட்டுத்தான் இருக்கு சார்" என்றார் ஜெசிந்தா டீச்சர், பளிச்சென்று. "இப்பவே சேர்த்துக்கலாம்."

"உங்க அம்மா என்னை வெட்டிருவாளே" என்று மகளிடம் கிசுகிசுத்தார். மைக் வாயருகேதான் இருந்தது. ஊரே கேட்டது.

செண்பகா டையைக் கழற்றிப் பைக்குள் வைத்தாள். ஆவுடையப்பன் டீச்சரின் மேசைக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு, வந்து மண்ணில் உட்கார்ந்தார். ஆள் சரியாகிவிட்டது. தலைவிக்குப் பேச்சித்தாயின் பெயரைச் சொன்னதும் மைதானம் முழுக்கக் கை எழுந்தது. முதல் கை ஆவுடையப்பனுடையதுதான்.

பேச்சித்தாய் எழுந்து மைக்கை வாங்கினாள். "மொதத் தீர்மானம். பொம்பளைப் பிள்ளைய கக்கூசுக்குக் கதவு. சம்மதம்னா கை தூக்குங்க."

மறுபடியும் அத்தனை கையும் எழுந்தது. நான் சொல்வதை நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள். மதில் இல்லாத மைதானம், ரோட்டில் இருந்து பார்த்தால் எல்லாம் தெரியும். தென்காசி எக்ஸ்பிரஸ் கிறீச்சென்று பிரேக் அடித்து வாசலில் நின்றது.

கண்டக்டர் எட்டிப் பார்த்தார். "இவ்வளவு பேரும் எங்க போணும்?"

"யாரும் ஏறல, நாங்க கதவுக்குக் கை தூக்குதோம்" என்று மைக்கில் சொன்னாள் எங்கள் தலைவி. "ரைட்டு, போங்க!"

பஸ் போனது. ஆவுடையப்பன் தூக்கிய கையை இறக்காமலே எங்கள் பக்கம் திரும்பினார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"சொன்னப்போ சிரிச்சியளே. இப்ப நம்புதியளா?"

"நம்புதோம்வே" என்றார் இசக்கி. "திங்கக்கிழமை மத்தியானம் அந்த முட்டையை உம்ம மகளுக்குக் காட்டும்."