மேலறையின் வரைபடம்

மலையடிவாரத் தியான இல்லம் ஒன்றில் மதலைமுத்து சாமி என்ற கத்தோலிக்கக் குரு இருந்தார். எட்டு நாள் மௌன தியானத்துக்கு வருகிறவர்களுக்கு அவர்தான் வழிகாட்டி. போதனை செய்யமாட்டார். கேள்வி மட்டும் கேட்பார்.

ஒரு தவக்காலத்தில் சந்தியாகு என்பவர் அவரிடம் சீடராக வந்தார். குருவைவிட ஏழு வயது மூத்தவர். தாலுகா அலுவலகத்தில் சர்வேயராக இருந்தவர். மனைவி இறந்தபின் வேலையை விட்டுவிட்டு, பாதிரியாராவதற்காகக் குருமடத்தில் சேர்ந்து, படிப்பை முடித்திருந்தார். மிச்சம் இருந்தது இந்த எட்டு நாள்தான். முடிவில் மதலைமுத்து சாமி மறைமாவட்டத் தலைவரான ஆயருக்கு ஒரு கடிதம் எழுதுவார். அதைப் பார்த்துத்தான் சந்தியாகுவுக்குக் குருப்பட்டம் உண்டா இல்லையா என்று ஆயர் தீர்மானிப்பார்.

முதல் நாள் குரு சொன்னார்:

"கடைசி இராவுணவு. இயேசு சீடர்களோட காலைக் கழுவுறார். கண்ணை மூடிக்கிட்டு அந்த மேலறைக்குள்ள போங்கண்ணே. என்ன தெரியுதோ நாளைக்கு வந்து சொல்லுங்க."

மறுநாள் சந்தியாகு ஒரு பெரிய தாளுடன் வந்தார். மேசைமேல் விரித்தார்.

"இது என்னண்ணே?"

"மேலறை, சாமி. முப்பதடிக்கு இருபதடி. நூலகத்துல நாலு புத்தகம் பாத்து அளவு போட்டேன். அந்தக் காலத்துல சாய்ஞ்சுக்கிட்டுத்தான் சாப்பிடுவாங்களாம். பதிமூணு பேருக்கும் இடம் குறிச்சிருக்கேன்."

குரு தாளை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"வடக்கு எதுன்னுகூடப் போட்டிருக்கீங்க."

"அது இல்லேன்னா வரைபடமே இல்ல சாமி."

"யூதாசுக்கும் பட்டா குடுத்தாச்சா?"

சந்தியாகுவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

"சரிண்ணே. தண்ணி யார் கொண்டாந்தா?"

"எந்தத் தண்ணி?"

"கால் கழுவுன தண்ணி."

"வேதத்துல அது இல்லையே."

"அப்ப தானா நடந்து வந்துச்சா?"

சந்தியாகு தாளைச் சுருட்டினார்.

"சாமி, கோவிச்சுக்காதீங்க. இல்லாத வரப்பை இருக்குன்னு எழுதுனா சர்வேயருக்கு வேலை போயிரும். வேதத்துல இல்லாததை நானா நெனச்சுக்கிட்டு, அதை செபம்னு சொன்னா பொய்யில்லையா?"

குரு சுருட்டிய தாளை வாங்கி மேசைமேல் வைத்தார். பிறகு கேட்டார்:

"உங்க அம்மா இருக்காங்களா?"

"இருக்கா. எண்பத்திரண்டு வயசு. ஊர்ல தங்கச்சி வீட்டுல."

"இப்ப என்ன பண்ணிக்கிட்டு இருப்பாங்க?"

சந்தியாகு கடிகாரத்தைப் பார்த்தார்.

"பத்து மணி. ஆட்டுக்கு அகத்தி ஒடிச்சுப் போட்டுட்டு வெத்தலை இடிப்பா. பாக்குத் துண்டு தெறிச்சு ஓடும். பொறுக்கிக்கிட்டே என்னைத் திட்டுவா."

"எதுக்கு?"

"இந்த வயசுல சாமியாராப் போறேன்னு."

"ஊரு இங்கேருந்து எவ்வளவு தூரம்?"

"இருநூறு கிலோமீட்டர்."

"அப்ப நீங்க சொன்னது பொய்யா?"

"அது எப்படிப் பொய்யாகும்? அவளை எனக்குத் தெரியும் சாமி."

குரு எழுந்தார்.

"போய் உக்காருங்கண்ணே. தாள் இங்கேயே இருக்கட்டும்."

அதன்பின் சந்தியாகு ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொண்டுவந்தார். சுட்ட கறியின் வாசனை. எண்ணெய் வற்றிப் புகைகிற விளக்கு. பேதுருவின் வெடித்த குதிகால். தண்ணீர் கொண்டுவந்தவன்கூட ஒருநாள் தெரிந்தான். தோளில் குடம் உராய்ந்த தழும்பு இருந்தது. குடத்தை இறக்கி வைத்துவிட்டு, யாரும் பெயர் கேட்காததால் போய்விட்டான் என்றார் சந்தியாகு.

குரு தலையை மட்டும் அசைத்தார்.

ஆறாம் நாள் காலையில் சந்தியாகு பையோடு வந்தார்.

"கிளம்புறேன் சாமி. கடிதம் எழுத வேண்டாம்."

"என்னாச்சுண்ணே?"

"எல்லாம் தெரியுது. ஆனா நான் உள்ள இல்ல. வாசல்ல நிக்கிறேன். மூணு நாளா முயற்சி பண்றேன். காலை எடுத்து உள்ள வைக்க முடியல."

"யாராவது தடுக்குறாங்களா?"

"இல்ல. எல்லாரும் அவங்கவங்க சாப்பாட்டுல இருக்காங்க. எனக்குத்தான் கால் வரல."

"எதனால?"

சந்தியாகு பையைக் கை மாற்றிக்கொண்டார்.

"எங்க ஊர்க் கோயிலுக்கு மூணு கதவு. எங்க தெருக்காரங்களுக்குப் பக்கவாட்டுக் கதவு. உள்ள போனா ஒரு கம்பித் தடுப்பு. அதைத் தாண்டக் கூடாது. திருவிழான்னா அந்தக் கதவையும் சாத்திருவாங்க. கூட்டம் தாங்காதாம். நாங்க சன்னல் வழியாப் பூசை பாப்போம். பெரிய வியாழன் வந்தா, இயேசு செஞ்ச மாதிரி சாமியார் கால் கழுவிவிடப் பன்னெண்டு பேர் வேணும்ல? பன்னெண்டு பேரும் நடுக்கதவு வழியா வர்ற மேல்சாதிக்காரங்க தெருவுலயே கெடச்சிருவாங்க. வீட்டுலயே நல்லாத் தேய்ச்சுக் கழுவிட்டு வந்த காலு."

சந்தியாகு பையைக் கீழே வைத்தார்.

"மனுப் போட்டோம். மறியல் பண்ணோம். கம்பி அங்கேயேதான் இருக்கு. பட்டம் வாங்கிட்டு அதே கோயில்ல நடுக்கதவு வழியா உள்ள போறேன்னு எங்க அம்மா முன்னாடி சபதம் போட்டேன் சாமி. கண்ணை மூடிக்கிட்டு நெனைக்கிற வீட்டுக்குள்ளேயே நொழைய முடியல. நான் எப்படிப் பீடம் ஏறுவேன்?"

வெளியே தோட்டத்தில் யாரோ சருகு கூட்டும் சத்தம் கேட்டது.

"நீங்க எந்தக் கதவு சாமி?" என்றார் சந்தியாகு.

"நடுக்கதவு."

"அதான். 'உள்ள போங்கண்ணே'ன்னு அவ்வளவு சுலபமா வாயில வந்துருச்சு."

சொன்னதற்கு சந்தியாகு வருத்தம் தெரிவிக்கவில்லை. குருவும் அதை எதிர்பார்க்கவில்லை.

"நான் சொன்னது தப்புண்ணே. உள்ள போக வேண்டாம். வாசல்லயே நில்லுங்க."

"நின்னு?"

"நான் இருபது வருஷமா அந்த அறைக்குள்ள உக்காந்திருக்கேன். இதுவரைக்கும் எனக்கு இயேசுவோட முதுகுதான் தெரிஞ்சிருக்கு. துண்டை இடுப்புல கட்டிக்கிட்டு வாசல் பக்கமே பாத்துக்கிட்டு நிக்கிறார். நீங்க நிக்கிற எடத்துலேருந்து முகம் தெரியும். பாத்துட்டு வந்து எனக்குச் சொல்லுங்கண்ணே."