ஆள் உயர மெழுகுதிரி

மூன்றாவது தாளையும் கிழித்தாயிற்று. மூன்றிலும் பேனா ஒரே இடத்தில்தான் நின்றது.

“நானாகவே, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல், முழு” என்பது வரை வந்திருந்தது. அடுத்து “மனச்சுதந்திரத்தோடு” என்று போட வேண்டும். ஒரே ஒரு சொல். பிரதர் இன்னாசிக்குக் கை வரவில்லை.

அது ஆயருக்கு எழுத வேண்டிய கடிதம். குருமடத்தில் மூன்று வருஷ மெய்யியல் முடித்தவர்கள், மேலே இறையியல் படித்துக் குருவாக, அதாவது பாதிரியாராக, விரும்பினால், தங்கள் கையெழுத்திலேயே கேட்டு எழுத வேண்டும். மாதிரியை அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தார்கள். மற்றப் பதினோரு பேரும் அதைப் பார்த்து இருபது நிமிஷத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுக் கைப்பந்து ஆடப் போய்விட்டார்கள். இன்னாசிக்கு மட்டும் ஐந்து நாளாகிறது. நாளை, புதன்கிழமை, மாலைச் செபத்துக்குள் கடிதம் வராவிட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம் என்று குருமடத் தலைவரான ரெக்டர் ஃபாதர் சொல்லிவிட்டார். அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் பயமாக இருந்தது.

நான்காவது தாளை எடுத்தார். “முழு”வைத் தொடங்கினார். மணி அடித்தது.

அங்கே ஒரு வழக்கம். மணி அடித்தால் பாதி எழுத்தில் இருந்தாலும் பேனாவை வைத்துவிட வேண்டும். முதல் வருஷத்திலேயே பழக்கிவிடுவார்கள். இந்த முறை “மு” போட்டு “ழு” பாதியில் இருந்தது. பேனாவை வைத்தார். எழுந்தார்.

“எழுந்தது யாரு பிரதர்?”

வகுப்பறையில் எதிர் மேசையில் சிஸ்டர் தெக்லா விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். மெய்யியல் ஆசிரியை. வயது முப்பத்தெட்டு இருக்கும். ஊருக்குள் இருக்கும் கன்னியர் மடத்திலிருந்து ஸ்கூட்டியில் வந்து போகிறவர். மேசையில் தாள் கட்டின் மேல் ஹெல்மெட் இருந்தது.

“நான்தான் சிஸ்டர்.”

“நிச்சயமா?”

இன்னாசி யோசித்தார்.

“கால்தான் முதல்ல எழுந்துச்சு. நான் பின்னாடி வந்தேன்.”

“இதைப் பரீட்சையில எழுதியிருந்தா இன்னும் ரெண்டு மார்க் போட்டிருப்பேன்.”

இந்தப் பரீட்சையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மனிதன் என்பவன் யார் என்று ஒரு வருஷம் பாடம் நடந்தது. கிரேக்கர் ஒருவர் உடம்பு சிறை, ஆன்மா அதற்குள் கைதி என்றார். அவருடைய மாணவரே அதை ஒத்துக்கொள்ளவில்லை, இரண்டையும் பிரிக்க முடியாது என்றார். ரொம்பக் காலம் கழித்து ஒரு பிரெஞ்சுக்காரர் மறுபடியும் பிரித்து வைத்தார். ஒரு டச்சுக்காரர், எல்லாவற்றுக்கும் முன்காரணம் உண்டு, அது தெரியாதபோது நாமாகச் செய்தோம் என்று நினைத்துக்கொள்கிறோம் என்றார். கடைசியாக இன்னொரு பிரெஞ்சுக்காரர் வந்து, சாக்குச் சொல்லாதே, நீ செய்வதுதான் நீ என்றார். ஒரு வருஷப் பாடம் இவ்வளவுதான். சுதந்திரத்தைப் பற்றிய கேள்வியில் இருபதுக்குப் பதினெட்டு வாங்கியவர் இன்னாசி ஒருவர்தான்.

“பதினெட்டு மார்க் வாங்கினவருக்கு ஒரு வாக்கியம் வரமாட்டேங்குதா?”

“அந்த வாக்கியம் பொய் சிஸ்டர்.”

“யாரு வற்புறுத்தினா?”

“யாரும் வற்புறுத்தலை. நான் பிறந்து மூணு மாசத்துல காய்ச்சல். பிழைக்காதுன்னுட்டாங்க. அம்மா கோவில்ல கிடத்தி, பிழைச்சா இவன் உமக்குத்தான்னு நேர்ந்துட்டாங்க. பிழைச்சேன். வந்துட்டேன்.”

“ம்.”

“அந்த டச்சுக்காரர் சொன்னது சரி. எனக்கு முன்னாடி நடந்தது என்னைத் தள்ளிக்கிட்டு வருது. தள்ளினது யாருன்னு எனக்குத் தெரியும், அவ்வளவுதான் வித்தியாசம்.”

சிஸ்டர் சிவப்புப் பேனாவை மூடினார்.

“வீட்டுல வேற யாரையாவது நேர்ந்தாங்களா?”

“அண்ணனை. சவேரி. அவனுக்கு நடக்கக் கால் வராம இருந்துச்சு.”

“அவர் எந்தக் குருமடம்?”

“அவன் ஐஸ் லாரி ஓட்டுறான் சிஸ்டர்.”

“அப்போ நேர்ச்சை?”

“பன்னிரண்டு வயசுல கொண்டுவந்து விட்டாங்க. ஆறே மாசம். சுவர் ஏறிக் குதிச்சு ஓடிவந்துட்டான். கால் அந்த அளவுக்குச் சரியாயிடுச்சு. அம்மா அவன் உயரத்துக்கு ஒரு மெழுகுதிரி வாங்கிக் கோவில்ல ஏத்தினாங்க. பங்குச் சாமியாரும் சரின்னுட்டார். முடிஞ்சுபோச்சு.”

“அவருக்குத் திரி. உங்களுக்கு மட்டும் ஏன் ஆளு?”

“அவன் ஓடினான். நான் ஓடலை.”

“ஏன் ஓடலை?”

இன்னாசி சிறு குருமடத்தில் சேர்ந்து பத்து வருஷம் ஆகியும் இதை யாரும் கேட்டதில்லை. அவரும் கேட்டுக்கொண்டதில்லை.

“ஓடினாத்தான் திரின்னு யாராவது சொன்னாங்களா?”

யாரும் சொல்லவில்லை. அவராகவே அப்படி நினைத்திருந்தார்.

சிஸ்டர் எழுந்து கரும்பலகையிலிருந்து சாக்கட்டியை எடுத்தார்.

“அந்தக் கதவுகிட்ட நில்லுங்க. முதுகை ஒட்டி. செருப்பைக் கழட்டுங்க.”

நின்றார். சிஸ்டர் முக்காலியில் ஏறி, அவர் தலைக்கு மேலே நிலையில் ஒரு கோடு போட்டார். பிறகு நூலால் அளந்து, நூலைச் சுருட்டி ஹெல்மெட்டுக்குள் போட்டுக்கொண்டார்.

“எதுக்கு சிஸ்டர்?”

“மணி அடிச்சு நாலு நிமிஷம் ஆச்சு. போங்க.”

மறுநாள் மத்தியானம் ஸ்கூட்டி வந்தபோது வாசலில் எல்லோரும் சிரித்தார்கள். பின் சீட்டில் நீளவாக்கில் ஏதோ கட்டியிருந்தது. சாக்கு சுற்றி, முனையில் சிவப்புத் துணி தொங்கியது. லாரியில் கம்பி ஏற்றிப் போகிறவர்கள் கட்டுவார்களே, அது மாதிரி.

“சிஸ்டர், இது ஓவர்லோடு,” என்றார் பிரதர் ரபேல். வகுப்பில் அவருக்குத்தான் வாய் அதிகம்.

“ஒரு பக்கம் பிடிங்க. உடைஞ்சா உங்க உயரத்துக்கு இன்னொண்ணு வாங்க வெச்சிடுவேன்.”

சிஸ்டரின் அறைக்குள் கொண்டுபோய்ச் சாக்கை அவிழ்த்தார்கள். வெள்ளை மெழுகுதிரி. சுவரில் சாத்தி வைத்ததும் இன்னாசிக்குப் பக்கத்தில் சரிசமமாக நின்றது. ரபேல் இரண்டையும் பார்த்தார்.

“இது உங்களைவிடக் கொஞ்சம் சிவப்பு,” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

“நேத்து ராத்திரி உங்க அம்மாகிட்ட பேசினேன்,” என்றார் சிஸ்டர்.

இன்னாசி நிமிர்ந்தார்.

“என்ன சொன்னாங்க?”

“நல்ல மெழுகாப் பார்த்து வாங்குங்க சிஸ்டர், பெரியவனுக்கு வாங்கினது வெயில்ல வளைஞ்சுபோச்சுன்னாங்க.”

“அழுதாங்களா?”

“அழுதாங்க. மெழுகைப் பத்திப் பேசறதுக்கு முன்னாடி.”

இன்னாசி திரியைத் தொடவில்லை.

“சந்தோஷப்படுவீங்கன்னு நினைச்சேன்,” என்றார் சிஸ்டர்.

“எனக்குக் கோபம் வருது.”

“யார் மேல?”

“தெரியலை. இவ்வளவுதானா சிஸ்டர்? அறுபத்தாறு அங்குல மெழுகு? அப்போ நான் இத்தனை வருஷமா இங்க எதுக்கு இருக்கேன்?”

“அந்தக் கேள்விக்குத்தான் பதினெட்டு மார்க் வாங்கினீங்க.”

“விளையாடாதீங்க. சாயங்காலம் கடிதம் கொடுக்கணும். நீங்களே சொல்லுங்க. என்ன சொன்னாலும் செய்யறேன்.”

“செய்வீங்களா?”

“செய்வேன்.”

சிஸ்டர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

“நாலு மணி பஸ்ல ஊருக்குப் போங்க. திரியைக் கொண்டுபோய் ஏத்துங்க. ரெக்டர் ஃபாதர்கிட்ட நான் பேசிக்கறேன்.”

இன்னாசி இதை எதிர்பார்க்கவில்லை. இருங்கள் என்று சொல்வார் என்றுதான் நினைத்திருந்தார். சொன்ன சொல்லுக்காகத் திரியைத் தோளில் வைத்துக்கொண்டு கிளம்பினார்.

பஸ் நிறுத்தத்தில் கொய்யாப்பழம் விற்றுக்கொண்டிருந்த அம்மா, “எந்த ஊருல சாமி திருவிழா?” என்று கேட்டார். பஸ் வந்தது. இடம் இருந்தது. ஜன்னல் ஓரம்கூடக் காலியாக இருந்தது. கண்டக்டர் படியில் இறங்கி நின்று திரியை மேலும் கீழும் பார்த்தார்.

“இதுக்கும் லக்கேஜ் போட்டிருவேன்.”

இன்னாசி ஒரு காலைத் தூக்கிப் படியில் வைத்தார். காலை யாரும் பிடிக்கவில்லை. பின்னால் இருந்து யாரும் தள்ளவும் இல்லை.

“தம்பி, ஏறுறியா இல்லையா? எல்லாரும் பார்க்கறாங்க.”

காலை எடுத்தார்.

“இல்லண்ணே.”

“அப்போ ரெண்டு பேருக்குமே டிக்கெட் வேண்டாம்,” என்று சொல்லிக் கண்டக்டர் விசில் அடித்தார்.

சிஸ்டர் தெக்லா விடைத்தாள் கட்டை முடித்திருந்தார். இன்னாசி திரியைச் சுமந்து நடந்து ஐந்தரை மணிக்கு உள்ளே வந்தபோது சிஸ்டர் தலை நிமிரவில்லை.

“பஸ் வரலையா?”

“வந்துச்சு.”

“இடம் இல்லையா?”

“இருந்துச்சு.”

“செய்வேன்னு சொன்னீங்களே.”

“சொன்னேன்.”

திரியைச் சுவரில் சாத்தினார். உட்கார்ந்தார். தோளில் மெழுகு ஒட்டியிருந்தது.

“ஏறாததுக்கும் ஒரு காரணம் இருக்கும் சிஸ்டர். பழக்கமா இருக்கலாம். பயமா இருக்கலாம். அந்த டச்சுக்காரர் விடமாட்டார்.”

“விட வேண்டாம். அதையும் வெச்சுக்கங்க. வேற என்ன இருந்துச்சு?”

“ஒண்ணும் பெரிசா இல்லை.”

“சின்னதா?”

“கால் படியில இருந்தப்போ, நாளைக்கு வியாழன்னு தோணுச்சு.”

“வியாழனுக்கு என்ன?”

வியாழன் மாலைகளில் இன்னாசி கல்குவாரிக் குடியிருப்புக்குப் போவார். அங்கே வேலை செய்யும் பெண்களுக்கு எழுதச் சொல்லிக்கொடுப்பார். குருமடத்தில் யாரும் அதை அவருக்கு ஒதுக்கவில்லை. ஒரு நாள் வழியில் நின்று பேசியதில் தொடங்கியது. அம்மா நேர்ந்ததிலும் அது இல்லை.

“பேச்சியக்கா கையெழுத்துப் போடக் கத்துக்கறாங்க,” என்றார். “கைநாட்டு வெச்சா மேஸ்திரி சிரிக்கிறானாம். ‘பே’ வந்துடுச்சு. ‘ச்சி’ பாக்கி இருக்கு. நான் போயிட்டா அந்த அக்கா வெறும் ‘பே’யோட நிக்கும்.”

சிஸ்டர் சிரித்துவிட்டார். இன்னாசியும் சிரித்தார். ஐந்து நாளில் முதல் தடவை.

“அதை எழுதுங்க.”

“ஆயருக்கா?”

“ஆயர் ஊர்லயும் வியாழக்கிழமை வரும்.”

“மாதிரியில இப்படி இல்லையே.”

“மாதிரியில உங்க பேரும் இல்லை.”

இன்னாசி திரியைத் திரும்பிப் பார்த்தார்.

“இதை லீவுல கொண்டுபோய் ஏத்தறேன் சிஸ்டர். அம்மா நேர்ந்தது அதோட முடியட்டும்.”

“அப்புறம் நீங்க?”

“அப்புறம் நான் திரும்பி வரணும். அது வேற.”

சிஸ்டர் ஒரு புதுத் தாளை அவர் பக்கம் தள்ளினார். ஆறு மணி மாலைச் செபத்துக்குக் கால் மணி நேரம் இருந்தது.

இந்த முறை பேனா நிற்கவில்லை. இப்படி எழுதினார்:

“மூன்று மாதக் குழந்தையாக இருந்தபோது என் தாய் என்னை நேர்ந்துகொண்டார். அதனால்தான் இங்கே வந்தேன். அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. முழு மனச்சுதந்திரம் என்றால் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. தெரிந்ததை எழுதுகிறேன். இன்று நாலு மணி பஸ் வந்தது. அதில் ஏறிப் போகும்படி எனக்குச் சொன்னார்கள். போயிருந்தால் யாரும் தடுத்திருக்க மாட்டார்கள், என் தாய்கூடத் தாங்கிக்கொண்டிருப்பார். நான் ஏறவில்லை. கல்குவாரியில் பேச்சி என்பவர் தன் பெயரைப் பாதி எழுதி வைத்திருக்கிறார். மீதியை நான் சொல்லிக்கொடுக்க விரும்புகிறேன். அவரைப் போன்றவர்களோடு இருக்க விரும்புகிறேன். ஆகவே என்னை ஏற்றுக்கொள்ளும்படி கேட்கிறே”

மணி அடித்தது.

வெளியே கைப்பந்து நின்றது. பேச்சு நின்றது. வராந்தாவில் செருப்புகள் வரிசையாகக் கோவில் பக்கம் போயின. மேசைக்கு அடியில் இன்னாசியின் கால் அசைந்தது.

“மணி அடிச்சாச்சு பிரதர்,” என்றார் சிஸ்டர். “பேனாவை வைங்க.”

அவர் வைக்கவில்லை.