பதினான்காம் பக்கம்

சமூக மருத்துவப் பேராசிரியர் சவரிராயனிடம் முப்பத்தொரு ஆண்டுகளில் படித்தவர்கள் இரண்டாயிரத்து நூற்று நாற்பது பேர். படிப்பு முடிந்த பிறகும் கேள்வியோடு அவர் வீட்டுப் படியேறியவர்கள் ஒன்பது பேர்தான். அவர்களில் ஒருவர் மெஹருன்னிசா. இப்போது அவருக்கு வயது நாற்பத்தாறு. மாவட்டச் சுகாதாரத் துறையின் துணை இயக்குநர்.

பேராசிரியரை மாவட்டத்தில் 'சாக்பீஸ் சார்' என்றுதான் சொல்வார்கள். அவர் வேலைக்கு வந்த காலத்தில் தடுப்பூசிக் கணக்கை டீக்கடையில் உட்கார்ந்தே எழுதிவிடுவார்கள். அதற்கு அவர் ஒரு விதி செய்தார். ஒரு வீட்டுக்குப் போய்வந்த செவிலியர் அந்த வீட்டுக் கதவில் சாக்பீஸால் எழுத வேண்டும். தேதி, பிள்ளைகள் எத்தனை, ஊசி போட்டது எத்தனை. பின்னால் மேற்பார்வையாளர் வந்து கதவுகளைப் பார்ப்பார். கதவில் எழுத்து இல்லாத வீடு பதிவேட்டில் இருக்கக் கூடாது.

அதுவரை நூற்றுக்கு நாற்பத்து மூன்று பிள்ளைகளுக்குத்தான் ஊசி கிடைத்து வந்தது. பதினோரு ஆண்டுகளில் அது தொண்ணூற்று நான்கு ஆனது. துறை அந்த விதியைக் கையேட்டில் அச்சிட்டது. பதினான்காம் பக்கம்.

ஒரு புதன்கிழமை காலை மெஹருன்னிசா வந்தபோது பேராசிரியர் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

"ஒரு கேள்வி சார்."

"ஒரு கொத்தை எடுத்துக்கோ. உருவிக்கிட்டே கேளு."

மெஹருன்னிசா கீரையைத் தொடவில்லை.

"கீழப்பொட்டல் செங்கல் சூளையில ஒரு பிள்ளை இறந்துபோச்சு சார். திங்கட்கிழமை. தொண்டை அடைப்பான். நாலு வயசு."

பேராசிரியரின் கை நின்றது.

"இன்னும் ரெண்டு பிள்ளைங்க வார்டுல இருக்கு. பொழச்சுக்கும். சூளையில இருந்த முப்பத்தொரு பிள்ளைங்களுக்கும் நேத்து டீம் அனுப்பி ஊசி போட்டாச்சு. ஆனா இறந்த பிள்ளைக்குப் பொறந்ததுல இருந்து ஒரு ஊசிகூடப் போடல."

"பதிவேடு என்ன சொல்லுது?"

"கீழப்பொட்டல்ல அறுநூத்திப் பன்னெண்டு வீடு. அறுநூத்திப் பன்னெண்டுக்கும் போயாச்சு. நானே தெருத் தெருவாப் போய்ப் பார்த்தேன். எல்லாக் கதவுலயும் எழுத்து இருக்கு. ஒண்ணுகூடப் பொய் இல்ல."

"நர்ஸ் யாரு?"

"தங்கபுஷ்பம். இருபத்தாறு வருஷ சர்வீஸ். ரிட்டயர் ஆக இன்னும் பத்தொன்பது மாசம். வெள்ளிக்கிழமைக்குள்ள யார் மேலயாவது நடவடிக்கை எடுக்கணும்னு சென்னையில சொல்லிட்டாங்க. அந்தம்மாவ சஸ்பெண்டு பண்ற ஆர்டர் டைப் ஆகி என் பையில இருக்கு. கையெழுத்துதான் பாக்கி." சற்று நிறுத்தினார். "கணக்கு சரியா இருக்கு. பிள்ளை இல்ல. தப்பு யார் மேல சார்?"

பேராசிரியர் எழுந்து உள்ளே போனார். ஒரு முழு சாக்பீஸோடு திரும்பி வந்தார்.

"அந்தப் பிள்ளையோட வீட்டுக் கதவுல எழுதிட்டு வா."

"இப்ப எழுதி என்ன சார்?"

"எழுதிட்டு வா. அந்த நர்ஸம்மாவையும் கூட்டிட்டுப் போ."

சூளைக்கு முப்பத்தெட்டு கிலோமீட்டர். தங்கபுஷ்பம் வழியில் துணை சுகாதார நிலையத்தின் வாசலில் நின்று ஜீப்பில் ஏறிக்கொண்டார். தோளில் ஒரு துணிப்பை. மடியில் வைத்து இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

"ஆர்டர் கொடுக்கிறதுக்கு ஜீப்பெல்லாம் எதுக்கு டாக்டரம்மா? தபால்ல போட்டாப் போதாதா?"

"ஆர்டர் கொடுக்க வரல."

"போன வருஷம் நூத்துக்கு நூறுன்னு நீங்க மேடையில கொடுத்த கேடயம் எங்க வீட்டு டிவி மேல இருக்கு. அதையும் திருப்பிக் கொடுக்கணும்னா இப்பவே சொல்லிடுங்க. மருமக அதுல ஊதுபத்தி செருகி வச்சிருக்கா. தொடைக்கணும்."

மெஹருன்னிசா சிரிக்கவில்லை.

சூளையில் இரண்டு வரிசையாக இருபத்தேழு குடிசைகள். சுவர் என்பது அடுக்கி வைத்த பச்சைக்கல். சுடாத கல். இடுப்பளவு உயரம். அதன் மேல் தென்னங்கீற்று. உள்ளே போவதற்குக் குனிய வேண்டும். சில வாசல்களில் சாக்கு தொங்கியது. சிலவற்றில் பழைய சேலை.

இறந்த பிள்ளையின் தாய் செல்லக்கிளி மண் குழைத்துக்கொண்டிருந்தாள். இவர்களைக் கண்டதும் காலைக் கழுவிக்கொண்டு வந்தாள். கல் அறுக்கும் அச்சுப்பலகையைக் கவிழ்த்துப் போட்டு உட்காரச் சொன்னாள்.

மெஹருன்னிசா உட்காரவில்லை. சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தார்.

"கதவு?" என்றார்.

"கதவா? தூக்கிட்டுப் போக இங்க என்ன இருக்குன்னு கதவு?"

மெஹருன்னிசா சாக்கில் எழுதிப் பார்த்தார். சாக்பீஸ் பற்றவில்லை. குனிந்து சுவரில் கையை வைத்தார்.

"அதுல எழுதாதீங்கம்மா. சூளைக்குப் போற கல்லு. நாங்க ஊருக்குக் கெளம்புறப்போ சுவரையும் பிரிச்சுச் சூளையில அடுக்கிருவாங்க."

"வருஷா வருஷம் இங்கதான் வர்றீங்களா?"

"ஏழு வருஷமா. தையில வருவோம், ஆடியில போவோம். பூமாரி கைக்குழந்தையா இருந்ததுல இருந்து நாலு தடவ வந்துட்டா."

செல்லக்கிளி கேட்டாள்.

"ஆஸ்பத்திரியில அவ பேர ஒரு நோட்டுல எழுதுனாங்க. அது அங்கேயே இருக்குமா? அழிச்சிருவாங்களா?"

"இருக்கும்."

"இருந்தாச் சரி. அவ பேர எழுதுனது அதுதான் மொத தடவ."

"இல்லக்கா," என்றார் தங்கபுஷ்பம். "போன வருஷம் மாசியில நான் எழுதுனேன். நீ மண்ணுக்குத் தண்ணி விட்டுக்கிட்டு இருந்த. பூமாரி, மூணு வயசுன்னு நீதான் சொன்ன."

செல்லக்கிளி அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். "ஆமா. ஊசி போட மறுபடி வர்றேன்னு சொல்லிட்டுப் போனீங்க."

தங்கபுஷ்பம் தலை குனிந்துகொண்டார்.

ஜீப்பில் ஏறியதும் மெஹருன்னிசா கேட்டார்.

"போன வருஷப் பதிவேடு எங்க?"

தங்கபுஷ்பம் துணிப்பையைத் திறந்தார்.

கீழப்பொட்டல், மொத்த வீடுகள் அறுநூற்று முப்பத்தொன்பது என்று நீல மையில் எழுதியிருந்தது. அதன் மேல் சிவப்புக் கோடு. பக்கத்தில் அறுநூற்றுப் பன்னிரண்டு என்று சிவப்பில். கடைசிப் பக்கத்தில் இருபத்தேழு வீடுகளும் வரிசையாக இருந்தன. இருபத்தேழின் மேலும் குறுக்கே ஒரே கோடு. கோட்டின் முடிவில், 'கதவில் குறி இல்லை, நீக்கவும்.' கீழே சுருக்கக் கையெழுத்து.

பதினெட்டாவது வரியில் பூமாரியின் பேர் கோட்டுக்கு அடியிலும் தெளிவாகத் தெரிந்தது.

அந்த மார்ச் மாதம் ஒரே பகலில் நாற்பத்தொரு பதிவேடுகளில் கையெழுத்திட்டது மெஹருன்னிசாவுக்கு நினைவு இருந்தது. இந்தக் கோடு நினைவில் இல்லை.

"இத ஏன் முன்னாடியே காட்டல?"

"நீங்கதான் அடிச்சீங்கன்னு உங்ககிட்டயே எப்படிச் சொல்றது? பேர் இருந்தாத்தான் மருந்து அளந்து கொடுப்பாங்க. இருபத்தேழு வீட்டுக்கு மருந்து வரல. ஒரு தடவ கேட்டுப் பார்த்தேன். விதி தெரியாதான்னு சொன்னாங்க. அப்புறம் நான் கேக்கல. அந்தப் பக்கம் போகவும் இல்ல."

தங்கபுஷ்பத்தை வழியில் இறக்காமல் ஜீப் நேரே பேராசிரியர் வீட்டுக்குத் திரும்பியது.

பேராசிரியர் வாசல் படியில் காத்திருந்தார். கீரை உருவி முடிந்திருந்தது. மெஹருன்னிசா சாக்பீஸை நீட்டினார். தேயாத சாக்பீஸ்.

"எழுதலயா?"

"கதவு இல்ல சார்."

மெஹருன்னிசா பதிவேட்டின் கடைசிப் பக்கத்தை விரித்துக் கொடுத்தார். பேராசிரியர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இருபத்தேழு வரிகளையும் விரலை வைத்துப் படித்தார். அதற்கு ஆறு நிமிஷம் ஆனது.

"இந்தக் கோடு யார் போட்டது?"

"நான் சார்."

"எதுக்கு?"

"கையேட்டுல அப்படித்தான் இருக்கு. பதினாலாம் பக்கம்."

"அந்தப் பக்கத்த யார் எழுதுனது?"

மெஹருன்னிசா தரையைப் பார்த்தார்.

"தெரியாதா? பரீட்சையில கேட்டிருந்தா அஞ்சு மார்க்காச்சே," என்றார் பேராசிரியர். அவர் குரலில் விளையாட்டு இல்லை.

"உங்களுக்குச் சூளை இருக்கறது தெரியாது சார். தெரிஞ்சிருந்தா..."

"தெரியும்."

தங்கபுஷ்பம் நிமிர்ந்து பார்த்தார்.

"அந்த விதிய எழுதறதுக்கு முன்னால மூணு சூளைக்குப் போனேன். சாக்க விலக்கி உள்ள பார்த்தேன். கதவு இல்லன்னு பார்த்துட்டுத்தான் வந்தேன். ஆடியில போயிடுவாங்க, அடுத்த பதிப்புல சேர்த்துக்கலாம்னு விட்டேன்."

"எத்தன பதிப்பு வந்துச்சு சார்?"

"ஏழு."

தெருவில் ஒரு தண்ணீர் லாரி போனது.

"அப்ப அந்தப் பக்கத்த எடுத்துடலாமா சார்?" என்று மெஹருன்னிசா கேட்டார்.

"எடுத்தா அறுநூத்திப் பன்னெண்டு வீட்டையும் மறுபடி டீக்கடையில உட்கார்ந்து எழுதுவாங்க. அது இருக்கட்டும். அதுக்குக் கீழ பாதிப் பக்கம் காலியா இருக்கு. முப்பது வருஷமா காலியாத்தான் இருக்கு."

பேராசிரியர் எழுந்தார். சாக்பீஸை வாங்கிக்கொண்டார். தன் வீட்டுக் கதவின் முன் நின்று, மாணவர்களுக்கு எழுதிக் காட்டும் அதே பெரிய எழுத்தில் எழுதினார். தேதி. அதற்கடியில், பிள்ளை ஒன்று. ஊசி பூஜ்யம். அதற்கடியில் பூமாரி என்று எழுதினார். பேர் எழுதும் வழக்கம் விதியில் இல்லை.

"சார், இது உங்க வீடு."

"ஆமா. விட்டுப்போனது இங்கருந்துதான்."

மீதி சாக்பீஸை இரண்டாக உடைத்தார். ஒரு துண்டை மெஹருன்னிசாவிடம் நீட்டினார். மெஹருன்னிசா உடனே வாங்கவில்லை. அவருடைய வீட்டுக் கதவு தேக்கு. போன பெருநாளுக்குத்தான் வார்னிஷ் அடித்திருந்தார்கள். அதை நினைத்தவர்போலச் சற்று நின்றார். பிறகு வாங்கிக்கொண்டார்.

"எனக்கும் ஒரு துண்டு கொடுங்க ஐயா," என்றார் தங்கபுஷ்பம். "மறுபடி வர்றேன்னு சொல்லிட்டுப் போகாம இருந்தது நான்."

பேராசிரியர் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கடைசித் துண்டைக் கொடுத்தார்.

மெஹருன்னிசா பையிலிருந்து டைப் செய்த ஆர்டரை எடுத்தார். இரண்டாக மடித்தார். நான்காக மடித்தார். பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில், சிவப்புக் கோட்டின் மேல் வைத்து மூடினார்.

"வெள்ளிக்கிழமை சென்னையில ஒரு பேர் கேப்பாங்க சார்."

"மூணு கதவுல எழுதியிருக்கும்," என்றார் பேராசிரியர். "வந்து படிச்சுக்கச் சொல்லு."