மூன்றாவது குரைப்பு

ராஜா கதை கேட்க வந்தவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம். இதில் ராஜா கிடையாது. எங்கேயோ தூரத்தில் ஒருவன் இருந்தான், வரி வாங்க ஆள் அனுப்பினதோடு சரி. இது ஒரு நாயின் கதை. அந்த நாயின் முகத்தைப் பார்க்க முடியாமல் போன ஒரு மனிதனின் கதையும்தான். சிரிக்க வேண்டியவர்கள் முதலிலேயே சிரித்துக்கொள்ளுங்கள். போகப் போகச் சிரிப்பு வராது.

ரொம்பக் காலத்துக்கு முன்னால் மருதங்கண்டம் என்று ஒரு ஊர் இருந்தது. ஊருக்கு ஒரு குளம், குளத்துக்கு ஒரு மடை, மடையிலிருந்து ஒரே ஒரு வாய்க்கால். அந்தத் தண்ணீரை முறை வைத்துப் பாய்ச்சிக்கொண்டார்கள். காலையில் சிலருக்கு, சாயங்காலம் சிலருக்கு. உச்சிப் பொழுதில் மட்டும் யாருக்கும் கிடையாது. நட்டு வைத்த கழியின் நிழல் காலடியில் ஒடுங்கினதும், வயல்களுக்குப் போகிற கீழ் வாய்க்காலை மண் போட்டு அடைத்து, தண்ணீரை மாட்டுக் குட்டைக்குத் திருப்பிவிடுவார்கள். நிழல் மறுபடி ஒரு சாண் நீளுகிறவரை அது வாயில்லா ஜீவன்களின் தண்ணீர். அதில் கை வைத்தவனை அந்த ஊரில் மனிதனாகவே மதிக்க மாட்டார்கள்.

அந்த ஊரில் பூவலிங்கம் என்று ஒரு சம்சாரி, உழுது பயிர் செய்கிறவன். அவனிடம் ஒரு நாய் இருந்தது. மண் நிறம், ஒரு காது மடிந்து தொங்கும். புழுதி என்று பெயர் வைத்திருந்தான்.

காட்டு நாய், வீட்டு நாய், வயல் நாய் எல்லாம்தான் குரைக்கிறது. யார் உட்கார்ந்து கேட்கிறார்கள்? சனியன், கத்துகிறது என்று கல்லை எடுப்போம். பூவலிங்கம் கேட்டான். குட்டியிலிருந்தே பக்கத்தில் வைத்து, அது எதைப் பார்த்து எப்படிக் குரைக்கிறது என்று கவனித்துக் கவனித்து மூன்று குரைப்பைப் பிரித்து எடுத்தான்.

விட்டு விட்டு ஒவ்வொன்றாகக் குரைத்தால், ஆள் வருகிறது, மிச்சச் சோற்றில் தண்ணீரை ஊற்றிவிடாதே. அடித்தொண்டையில் உறுமிவிட்டு நீட்டிக் குரைத்தால், பாம்போ பன்றியோ, காலைப் பார்த்து வை. மும்மூன்றாகக் குரைத்து, கடைசியில் அழுகிற மாதிரி ஓர் இழுப்பு இழுத்தால், அது களவு. யாரோ தனக்கு உரிமை இல்லாததில் கை வைக்கிறான்.

இதை ஊருக்கே சொல்லிக் கொடுத்தான். சும்மா சொல்லவில்லை, குரைத்தே காட்டுவான். முழங்காலில் இரண்டு கையையும் ஊன்றி, கழுத்தை நீட்டி, கல்யாண வீட்டிலும் களத்துமேட்டிலும் அவன் குரைத்தால் ஜனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். சந்தைக்கு வந்த வெளியூர்க்காரர்கள்கூட, "அண்ணாச்சி, அந்த மூணாவதைக் கொஞ்சம் குரைங்க" என்று கேட்டுவிட்டுத்தான் வண்டி கட்டுவார்கள்.

புழுதிக்கு இன்னொரு குணம் இருந்தது. களவெடுத்த ஆளை ஒரு தடவை பார்த்துவிட்டால் மறக்காது. பத்து நாள் கழித்து எதிரில் வந்தாலும் அதே மூன்றாவது குரைப்புத்தான். அதனால் ஊரில் எது காணாமல் போனாலும் எல்லாரையும் வரிசையில் நிற்க வைத்து நாயை நடத்திக் கொண்டுவருவார்கள். நாய் வழக்கு என்று அதற்குப் பெயர். ஒரு தடவை காளையின் கழுத்துமணி காணாமல் போய், நாய் நேரே போய் நாட்டாமையின் சொந்த மாப்பிள்ளையைப் பார்த்துக் குரைத்தது. மடியை அவிழ்க்கச் சொன்னார்கள், மணி கீழே விழுந்தது. நாட்டாமை சொந்தம் பார்க்காமல் மாப்பிள்ளைக்குத் தண்டனை சொன்னார்.

அன்றைக்குப் பூவலிங்கம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னான்: "மனுஷன் பொய் சொல்லுவான். என் புழுதி சொல்லாது."

சொன்னது சரிதான். வினையே அதுதான்.

ஒரு வருஷம் மழை குறைந்தது. குளத்தில் பாதித் தண்ணீர்தான். பூவலிங்கத்தின் வயலில் ஒரு மேட்டு மூலை உண்டு. அவன் முறைத் தண்ணீர் அங்கே ஏறுவதற்குள் முறை முடிந்துவிடும். பயிர் அந்த மூலையில் மட்டும் மஞ்சளாகச் சுருண்டது. விட்டிருந்தால் என்ன? நாலு மரக்கால் நெல் குறைந்திருக்கும், அவ்வளவுதான். ஆனால் இந்த வருஷம் கோயிலுக்குக் கட்டுகிற முதல் கதிர் என் வயலில்தான், ஒரு மூலைகூடச் சொத்தை இருக்காது, வந்து பாருங்கள் என்று நாலு பேர் முன்னால் பீற்றியிருந்தான். பீற்றினவனுக்கு அந்த மஞ்சள் மூலை கண்ணில் விழுந்த தூசி மாதிரி உறுத்திக்கொண்டே இருந்தது.

ஒரு நாள் உச்சி வேளை. எல்லாரும் கஞ்சி குடிக்கப் போயிருந்தார்கள். பூவலிங்கம் கீழ் வாய்க்காலை அடைத்திருந்த மண்ணைக் குதிகாலால் உடைத்தான். உள்ளங்கை அகலம்தான். குட்டைக்குப் போக வேண்டிய தண்ணீர் மேட்டு மூலையைப் பார்த்து ஓடியது.

வேல மரத்து நிழலில் படுத்திருந்த புழுதி எழுந்து நின்றது. அவனையே பார்த்தது. பிறகு மும்மூன்றாகக் குரைத்து, கடைசியில் அழுகிற மாதிரி இழுத்தது.

"ஏய், நான்தான். நான்தான் பாரு" என்றான்.

அவன்தான் என்று அதற்கு நன்றாகத் தெரிந்தது. அதற்காகக் குரைப்பை மாற்ற அதற்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

பக்கத்து வயல்காரர்கள் ஓடி வந்தார்கள். பூவலிங்கம் மண்கட்டியை மிதித்து அடைத்துவிட்டு, "பாம்பு. வரப்புக்குள்ள போயிட்டு" என்றான்.

"மூணாவது குரைப்பு மாதிரி கேட்டுச்சே அண்ணாச்சி?" என்றான் ஒருவன்.

"எனக்குத் தெரியாதது உனக்குத் தெரியுமாக்கும்."

அவர்கள் கம்பால் புதரைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். பூவலிங்கத்துக்குக் காது மடலெல்லாம் சுட்டது. மேட்டு மூலையைப் போய்ப் பார்த்தான். நனைந்திருந்தது. வெட்கம் கொஞ்சம் ஆறிப்போயிற்று.

மறுநாள் உச்சியிலும் உடைத்தான். மறுநாளும் நாய் அதையே குரைத்தது. ஓடி வந்தவர்களிடம், "நாய்க்கு வெயில் மண்டையில ஏறிட்டு" என்றான். அவர்கள் பாவப்பட்டு, ஒரு குடம் தண்ணீரை அதன் தலையில் ஊற்றினார்கள். புழுதி உடம்பை உதறிவிட்டு அவனையே பார்த்தது. அவன் வேறு பக்கம் பார்த்தான்.

மூன்றாம் நாள் உச்சியிலும் உடைத்தான். நாய் வாயைத் திறந்தது. பூவலிங்கம் மண்வெட்டிக் காம்பால் அதன் வாயிலேயே ஓங்கி அடித்தான். இதைச் சொல்லும்போது எனக்கே நாக்கு கூசுகிறது. ஆனால் அடித்தான். அதற்குள் முதல் மூன்று குரைப்பு வெளியே போய்விட்டிருந்தது.

அதைக் கேட்டு முதலில் ஓடி வந்தவன் சடையாண்டி. கீழ் வாய்க்காலின் கடைசியில் அரை வயல் வைத்திருந்தவன், வீட்டில் ஐந்து வாய். உச்சி முடிந்ததும் அவன் முறை, அதனால் மண்வெட்டியோடு வந்துகொண்டிருந்தான். அவனுடைய நெல் அப்போதுதான் பால் பிடித்திருந்தது. அந்த நேரத்தில் தண்ணீர் நின்றால் கதிர் முழுக்கப் பதராகப் போகும்.

சடையாண்டி யார் உடைத்தது என்று கேட்கவில்லை. "அண்ணாச்சி, அடைப்பு உடைஞ்சு போச்சே, மாடு தண்ணிக்கு என்ன செய்யும்" என்று குனிந்து இரண்டு கையாலும் மண்ணை அள்ளி அடைக்க ஆரம்பித்தான்.

அதற்குள் மற்றவர்கள் வந்துவிட்டார்கள். வந்தவர்கள் கண்ணில் பட்டது என்ன? உடைந்த அடைப்பு. அதில் கை வைத்து நிற்கிற சடையாண்டி. அவன் மண்வெட்டி. வாயில் ரத்தம் வழிகிற நாய்.

"புழுதி இவனைப் பார்த்துத்தானா குரைச்சுது?" என்று கேட்டார்கள்.

பூவலிங்கம் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. நாயின் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஊருக்கு அது போதும்.

"நாயை வேற அடிச்சிருக்கான் பாரு, பாவி" என்றார்கள்.

ஊர் கூட இன்னும் எட்டு நாள் இருந்தது. அதுவரை சடையாண்டிக்கு முறைத் தண்ணீர் கிடையாது என்று நாட்டாமை சொல்லிவிட்டார். அந்த எட்டு நாளும் சடையாண்டியும் அவன் பெண்டாட்டி குருவம்மாவும் குளத்திலிருந்து குடத்தில் தண்ணீர் மொண்டு வந்து வயலுக்கு ஊற்றினார்கள். குடத்துத் தண்ணீர் வயலுக்கு எந்த மூலைக்கு? கதிர் தலை குனிய வேண்டிய நேரத்தில் குச்சி மாதிரி நிமிர்ந்து நின்றது. போகிற வழியில் குருவம்மா குடத்தை இறக்கி வைத்துவிட்டு, புழுதியின் வாயில் மஞ்சள் அரைத்துப் போட்டுவிட்டுப் போவாள். பூவலிங்கம் அதை மரத்துக்குப் பின்னால் நின்று பார்ப்பான். சோறு இறங்கவில்லை அவனுக்கு. ஆனால் வாயும் திறக்கவில்லை.

எட்டாம் நாள் ஊர் கூடியது. சடையாண்டி, "நான் உடைக்கல" என்பதற்கு மேல் ஒரு வார்த்தையும் பேசத் தெரியாமல் நின்றான். குருவம்மா முன்னால் வந்தாள்.

"ஐயா, எங்க வாயை நீங்க நம்ப வேண்டாம். நாய் வழக்கு வைங்க. ஆம்பளை ஒருத்தர் விடாம நிக்கட்டும். நாயை வளத்தவரும் நிக்கட்டும்."

கூட்டம் சலசலத்தது. நாட்டாமை, "என் மருமகனே நின்னான். பூவலிங்கம் நிக்கிறதுல ஒண்ணும் குறைஞ்சு போயிடாது" என்றார்.

பூவலிங்கம் வரிசையின் கடைசியில் போய் நின்றான்.

நாயை நடத்தி வந்தார்கள். வாய் இன்னும் வீங்கித்தான் இருந்தது. ஒவ்வொருவராக மோந்து பார்த்துப் போனது. சடையாண்டியிடம் வந்ததும் வாலை ஆட்டி அவன் கையை நக்கியது. ஊர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது. கடைசியில் பூவலிங்கத்தின் முன்னால் வந்து நின்றது.

நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தது. அதன் தொண்டை ஏறி இறங்கியதை அவன் ஒருவன்தான் கண்டான். பிறகு அது அவன் கையைப் பார்த்தது. கையில் ஒன்றும் இல்லை. இருந்தும் நாய் கண்ணை மூடிக்கொண்டு, வாயைக் கொண்டுபோய் மண்ணில் புதைத்துப் படுத்துவிட்டது. ஒரு சத்தம் இல்லை.

நாட்டாமை பெருமூச்சு விட்டார். "நாய் யாரையும் காட்டலை. மண்ணும் கையுமா நின்னவனையே நக்குது. முன்னாடி ரெண்டு நாள் பாம்புக்கும் வெயிலுக்கும் மூணாவதைக் குரைச்ச நாய், இனி இதை நம்பி வழக்கு வைக்க முடியாது. ஆத்துக்கு அக்கரையில கொண்டு விட்டுருங்க. சடையாண்டிக்கு அறுப்பு வரைக்கும் தண்ணி கிடையாது."

பூவலிங்கம் தப்பித்துவிட்டான். அவன் மேல் யாருக்கும் ஒரு பொட்டுச் சந்தேகம் இல்லை. பக்கத்தில் நின்றவர் அவன் முதுகைத் தட்டி, "விடும், வேற குட்டி வளர்த்துக்கிடலாம்" என்று ஆறுதல் வேறு சொன்னார். அந்தக் கை பட்ட இடம் அவனுக்குத் தீயாக எரிந்தது.

ஒருவன் நாயின் கழுத்தில் கயிற்றைப் போட்டான். நாய் எழுந்து, வயலுக்குத்தான் கூட்டிப்போகிறார்கள் என்று நினைத்து, பூவலிங்கத்தைப் பார்த்து வாலை ஆட்டியது. குருவம்மா அழவில்லை. குனிந்து புருஷனின் மண்வெட்டியை எடுத்துத் தோளில் வைத்தாள்.

சொல்லிவிட வேண்டும் என்று பூவலிங்கம் வாயைத் திறந்தான். "நான்" என்றான். அதற்கு மேல் வரவில்லை. மறுபடி "நான்" என்றான். எத்தனை கூட்டத்தில் பேசின வாய்.

அப்போது அவன் முழங்காலில் இரண்டு கையையும் ஊன்றினான். கழுத்தை நீட்டினான். பழைய வேடிக்கை காட்டப் போகிறான் என்று நினைத்து இரண்டு மூன்று பேர் சிரிக்கக்கூடச் செய்தார்கள்.

பூவலிங்கம் குனிந்து, தன் நெஞ்சைப் பார்த்து, மும்மூன்றாகக் குரைத்தான். கடைசியில் அழுகிற மாதிரி இழுக்க வேண்டிய இடத்தில் அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

சிரித்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். அவன் மறுபடியும் குரைத்தான். மறுபடியும் குரைத்தான். யாரும் அர்த்தம் கேட்கவில்லை. அந்தக் குரைப்புக்கு என்ன அர்த்தம் என்று அந்த ஊரில் தெரியாதவர் யார்? அவனேதான் வீடு வீடாகச் சொல்லிக் கொடுத்திருந்தான்.

புழுதியின் மடிந்த காது அசைந்தது. கயிற்றை இழுத்துக்கொண்டு வந்து அவன் முன்னால் நின்றது. வீங்கின வாயைத் திறந்து, அவனைப் பார்த்து, அவனோடு சேர்ந்து அதே குரைப்பைக் குரைத்தது. நாட்டாமை தலையைக் குனிந்துகொண்டார். கூடியிருந்தவர்களில் ஒருவராலும் சடையாண்டியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அன்று முதல் பூவலிங்கத்தின் முறைத் தண்ணீரும் சேர்ந்து சடையாண்டியின் வயலுக்குப் போனது. பாதி நெல் தேறியது. பாதி பதராகவே போய்விட்டது, அதை யாராலும் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. கோயிலுக்கு முதல் கதிரை அந்தத் தேறின பாதியிலிருந்து குருவம்மா அறுத்துக் கொடுத்தாள். பூவலிங்கம் தள்ளி நின்று கும்பிட்டான்.

புழுதி அவனிடமே இருந்தது. அவன் வைத்த சோற்றைத் தின்றது, பழையபடி மூன்று குரைப்பையும் குரைத்தது. ஆனால் அவன் ஈயை விரட்டக் கையைத் தூக்கினாலும் கண்ணை மூடிக்கொண்டு வாயை மண்ணில் புதைத்துக்கொள்ளும். அது சாகிறவரை அப்படித்தான். சந்தையில் விஷயம் தெரியாத யாராவது அந்த மூன்றாவதைக் குரைக்கச் சொன்னால், பூவலிங்கம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நடந்துவிடுவான்.

கேட்டவர்கள் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: தன் தப்பை மறைக்க உண்மை பேசுகிற வாயை அடித்து மூடினவன், ஊர் அவனைத் தண்டிக்காமல் விட்டாலும், அந்த வாயின் முன்னால் ஆயுசுக்கும் தலை குனிந்துதான் நிற்க வேண்டும்.