தெற்குக் கோல் பக்கத்துப் புல்

கருங்குளத்தூர் கால்பந்து மைதானத்தின் புல்லைப் பார்த்துக்கொள்ளும் வெயிலுமுத்து அண்ணாச்சி உண்மை பேசி யாரும் கேட்டதில்லை. அவருக்கே அதில் பழக்கம் கிடையாது. அப்படிப்பட்ட மனுசருக்கு மார்கழி மாசத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் சோதனை வந்தது.

மைதானத்திலேயே கால்பந்துக் கழகத்துக் கூட்டம். சித்திரைப் போட்டிக்கு மைதானத்தைத் தயார் செய்ய என்ன உரம் போடுவது என்று பேச்சு. யூரியா என்று முடிவாகிவிட்டால் தெற்குக் கோலுக்குப் பின்னால் இருக்கும் குழியை மூடி, சிமெண்ட் பூசி, பைக் நிறுத்துவதாகத் திட்டம். பத்து வருஷமாகச் சாணியும் சருகும் கொட்டி அண்ணாச்சி மண்புழு வளர்க்கிற குழி அது. செயலாளர் ஞானராஜ் ஜல்லிகூட இறக்கியாயிற்று. அந்தக் குவியலுக்கு முதுகைக் காட்டித்தான் அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார்.

யூரியா போட்ட லட்சணம் ஊருக்கே தெரியும். போன வருஷம் போட்டிக்கு நாலு நாள் முன்னால், உச்சி வெயிலில், ஒரு சொட்டுத் தண்ணீர் விடாமல், கல்யாண வீட்டில் பன்னீர் தெளிக்கிற மாதிரி கை கையாக வீசினார்கள். போட்டியன்று புல் வீச்சு வீச்சாகக் கருகிக் கிடந்தது. வெளியூர் அணித் தலைவன் அதைப் பார்த்துவிட்டு, இங்கே பூக்குழி இறங்கினீர்களா என்று பயபக்தியோடு பூட்ஸைக் கழற்றினான்.

இந்தத் தடவை தண்ணீர் விட்டுப் போட்டால் ஒரே வாரத்தில் பச்சைப்பசேல் என்று ஆகிவிடும் என்பது ஞானராஜ் கட்சி. மண்புழு உரம் அப்படி என்னத்தைச் செய்துவிடும் என்று கேட்டார்.

அதை மட்டும் அவர் கேட்டிருக்கக் கூடாது.

அண்ணாச்சி டீயை ஓர் இழுப்பு இழுத்துவிட்டு மெதுவாகத்தான் ஆரம்பித்தார். போன தை மாசம் கொடிக் கம்பத்துப் பக்கம் ஒரே ஒரு கைப்பிடி தூவித் தண்ணீர் ஊற்றினாராம். ஊற்றின வாளியைக் கீழே வைத்துவிட்டு வேட்டியை மடித்துக் கட்டித் திரும்பினால் வாளியைக் காணோமாம். புல் அதைத் தூக்கிக்கொண்டு இடுப்பு உயரத்துக்குப் போயிருந்ததாம்.

"யாரு இடுப்பு அண்ணாச்சி? உங்க இடுப்பா, ஒட்டகத்து இடுப்பா?" என்றான் கோல்கீப்பர் பரமகுரு.

"அன்னைக்கு என் இடுப்புதாம்டே. ஒட்டகம் மறுநாளு."

மறுநாள் அரிவாளோடு போனாராம். முன்னால் இவர் அறுக்க அறுக்க, பின்னால் முளைத்த புல் முதுகைப் பிடித்துத் தள்ளி, கால் தரையில் படாமலே நடுக்கோடு வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிட்டதாம். அந்த வாரத்து ஆட்டத்தில் நடுவர் ஒரு பனையேறியிடம் காலில் மாட்டும் தளைநார் வாங்கி, கோல் கம்பத்தில் ஏறி உட்கார்ந்துதான் விசில் ஊதினாராம். இடைவேளைக்குப் பிறகு பந்தோடு உள்ளே போன ஒரு பையன், பதினோராம் நாள் பக்கத்து ஊர் பஸ் ஸ்டாண்டில் வெளியே வந்தானாம்.

"பந்து?"

"காலோடதான் இருந்துச்சு. ஆஃப்சைடுன்னுட்டாங்க, பாவம்."

சிரிப்பு அடங்குவதற்குள் அண்ணாச்சி புழுவுக்கு வந்துவிட்டார். அந்த உரம் தின்ற புழுக்கள் இரண்டைச் சோடி கட்டித்தான் மைதானத்து உருளையை இழுத்தாராம். இடது பக்கத்துப் புழு கொஞ்சம் சண்டியாம். தார்க்குச்சியைக் காட்டினால்தான் நடக்குமாம்.

ஞானராஜ் சிரிக்கவில்லை. கூட்டக் குறிப்பு நோட்டில் வரி விடாமல் எழுதிக்கொண்டிருந்தார். எழுதி முடித்துப் பேனாவை மூடினார்.

"நீங்க சொன்னதெல்லாம் எழுதிட்டேன் அண்ணாச்சி. நம்ம ஆட்டம் தொண்ணூறு நிமிசத்துல முடியணும். ஆளு காணாமப் போற உரத்தைப் போட முடியாது. யூரியாவே போட்டுருவோம்."

அண்ணாச்சி டீ டம்ளரைக் கீழே வைத்தார். ஜல்லிக் குவியலைப் பார்த்தார். குழியைப் பார்த்தார். வேறு வழியில்லாமல், வாழ்க்கையில் முதல் தடவையாக, தடுமாறித் தடுமாறி உள்ளதைச் சொன்னார்.

"வாளியையும் தூக்காது, ஒரு எழவையும் தூக்காதுய்யா. மூணு மாசம் ஆவும். மெதுவாத்தான் பச்சை பிடிக்கும். மண்ணு இளகும். ஈரம் நிக்கும். யூரியா மாதிரி மழைத்தண்ணியில கரைஞ்சு ஓடாது, நம்ம ஊருக் குளத்துல பாசி கட்டாது. அவ்வளவுதான்."

பக்கத்தில் இருந்தவர் அண்ணாச்சியின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். இத்தனை நேரம் சொன்னதையெல்லாம்கூட ஒரு கணக்கில் சேர்க்கலாம், இதை எப்படி நம்புவது என்றார் ஞானராஜ்.

பரமகுரு மட்டும் சட்டைக் கையை மடித்துவிட்டு முழங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "வடக்குக் கோல்ல பாய்ஞ்சு விழுந்தா தோலு உரியுது. தெக்கால விழுந்தா உரியலை. நான் வாஸ்துன்னுல்லா நெனைச்சேன்."

யாருக்கும் தெரியாமல் ஒரு வருஷமாகத் தெற்கே மட்டும் தூவி வந்ததை அண்ணாச்சி அப்போதுதான் ஒப்புக்கொண்டார். எல்லாரும் எழுந்து தெற்குக் கோல் பக்கம் போனார்கள். ஞானராஜ் பைக் சாவியை மண்ணில் குத்திப் பார்த்தார். தெற்கே வளையம் வரைக்கும் இறங்கியது. வடக்கே சாவி வளைந்தது. வளைந்த சாவியைக் கல்லில் தட்டி நிமிர்த்தியவர், அண்ணாச்சி கடைசியாகச் சொன்னதையும் நோட்டில் ஏற்றி, மைதானம் பூராவும் அண்ணாச்சி உரமே போடட்டும், ஜல்லியை வேறு எங்கேயாவது தள்ளுங்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

கூட்டம் கலைந்தது. அண்ணாச்சி மட்டும் போகவில்லை. ஞானராஜின் பக்கத்தில் வந்து, அக்கம்பக்கம் பார்த்து, குரலைத் தாழ்த்தினார்.

"மூணு மாசம் ஆவும்னு எழுதியிருக்கீரே, அதை மட்டும் அடிச்சிரும். நாளைக்கு நாலு பேரு படிச்சா என் பேரு என்னத்துக்கு ஆவும்?"

ஞானராஜ் நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"பயப்படாதீங்க. நீங்க சொன்னதுன்னுதான் எழுதியிருக்கேன். ஒருத்தனும் நம்ப மாட்டான்."