நகம் இறங்காத சுரைக்காய்

அந்தக் காலத்தில் மழையோடு சேர்ந்து விதையும் விழும். வானம் கறுத்து முதல் தூறல் போட்டதும் பெண்கள் முறத்தைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடுவார்கள். முறத்தில் கத்தரி விதை விழுந்தால் அந்த வருசம் அந்த வீட்டில் கத்தரிக்காய், சுரை விதை விழுந்தால் சுரைக்காய். இன்னதுதான் வேண்டும் என்று மேகத்திடமே கேட்டு வாங்குகிற துணிச்சல்காரிகளும் இருந்தார்கள். மேகம், கொடி, காய் எல்லாம் பேசிக்கொண்டிருந்த காலம் அது. கேட்டால் கிடைத்தது.

விதைதான் மேலிருந்து வருகிறதே என்று, காய்க்குள் என்ன இருக்கிறது என்பதை யாரும் சட்டை செய்யவில்லை. பிஞ்சிலேயே அறுத்துத் தின்றார்கள். கொடியில் விட்டால் வாடிப்போகும் என்று பயம். வயது ஏறுவதற்கு அன்றைக்கு இருந்த ஒரே சொல் அதுதான், வாடுவது. காய்க்கும் அதே சொல், மனிதருக்கும் அதே சொல். தலையில் ஒரு வெள்ளை முடி தெரிந்தால் போதும், "அவன் வாட ஆரம்பிச்சிட்டான்" என்று பேசிவிடுவார்கள். அதனால் ஆணும் பெண்ணும் காலையில் எழுந்ததும் விளக்குக் கரியை எடுத்துத் தலையில் தேய்த்துக்கொண்டுதான் வெளியே வருவார்கள்.

அந்த ஊரில் செவந்தாயி என்று ஒருத்தி இருந்தாள். இடுப்பில் எப்போதும் அவள் மகள் உட்கார்ந்திருப்பாள். சோற்றோடு சுரைக்காயைக் குழைத்து ஊட்டினால்தான் அந்தப் பிள்ளை வாயைத் திறக்கும். வேறு எதைக் கொடுத்தாலும் துப்பிவிடும். அதனால் அந்த வருசமும் செவந்தாயி மேகத்திடம் சுரை விதைதான் கேட்டாள். ஒரு கை விதை முறத்தில் விழுந்தது. கூடவே மேகம் ஒன்று சொன்னது.

"இதோட மூட்டை காலி, செவந்தாயி. உதறி உதறிப் பாத்துட்டேன். அடுத்த மழைக்குத் தண்ணி வரும், விதை வராது."

செவந்தாயி கிணற்றடியில் போய் இதைச் சொன்னாள். மேகம் அப்படித்தான் பயம் காட்டும் என்றார்கள் சிலர். அடுத்த வருசத்துப் பாட்டை அடுத்த வருசம் பார்க்கலாம் என்றார்கள் மற்றவர்கள். வழக்கம்போல விதைத்தார்கள், பிஞ்சாக அறுத்தார்கள், தின்றார்கள். செவந்தாயிக்கு மட்டும் பிள்ளைக்குச் சோறு ஊட்டும்போதெல்லாம் அதே நினைப்புதான். அடுத்த வருசம் இதன் வாய்க்குள் எதை வைப்பது?

அவள் வீட்டுக் கூரையில் சுரைக்கொடி நன்றாகவே காய்த்தது. காய்ப்பு ஓய்ந்து கடைசியாக ஒரு காய் நின்றபோது, அரிவாளோடு ஏணியில் ஏறினாள். காய் மெதுவாகச் சொன்னது.

"என்னை விட்டுரு, தாயி."

தப்பிக்கப் பார்க்கிறாயா என்று செவந்தாயி சிரித்தாள்.

"பயந்துக்கிட்டுச் சொல்லல. வயித்துக்குள்ள என்னமோ உருண்டு திரளுது. அது என்னன்னு பாத்துட்டுப் போறேனே."

பிள்ளை பெற்றவளுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கிவிட்டாள்.

நாள் ஆக ஆகக் காயின் மேலிருந்த பூனைமுடி உதிர்ந்தது. பச்சை வெளுத்தது. பக்கத்து வீட்டு வேலியில் தொங்கிய பீர்க்கங்காய்க்கு அதைப் பார்க்கப் பார்க்கச் சிரிப்பு.

"என்னா மினுக்கு மினுக்குனே. இப்ப மொட்டையாப் போயிட்டியே."

"மொட்டைதான்," என்றது சுரைக்காய். "காத்து நல்லா அடிக்குது."

அப்போதுதான் ஒச்சாயி விருந்துக்கு வந்தாள். ஒச்சாயி, செவந்தாயியின் புருசன் வீரணனுக்குத் தங்கச்சி. புதிதாகக் கல்யாணமானவள், கூடவே மாப்பிள்ளையும் வந்திருந்தார். ஊரில் எந்தக் கொடியிலும் வீட்டுக்காரர் விட்டுக்கொடுக்கிற மாதிரி காய் இல்லை. வீரணன் பெண்டாட்டியை அடுப்படிக்குக் கூப்பிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னான்.

"மாப்பிள்ளை மொத மொதல்ல கை நனைக்க வந்திருக்காரு. கூட்டு இல்லாம இலை போடுறதா? அந்தக் காயை அறு. வாடிப்போறதுக்கு முன்னாடி நம்ம மானத்தையாவது காப்பாத்தட்டும்."

செவந்தாயி ஏணியில் ஏறினாள். கூரைக்குப் போய்ச் சேருவதற்குள் அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. காய் பார்ப்பதற்கு வெளுத்துப்போய்த்தான் இருந்தது. நிஜமாகவே வாடியிருந்தால், விருந்துக்கும் ஆகாமல் பிள்ளைக்கும் ஆகாமல் வீணாய்ப்போகுமே. அரிவாளைக் காம்பில் வைத்தாள்.

"கண்ணை நம்பாத, தாயி. நகத்தை வச்சுப் பாரு," என்றது காய்.

கட்டைவிரல் நகத்தை வைத்து அழுத்தினாள். வாடின காயில் நகம் வைத்தால் சேற்றில் வைத்த மாதிரி இறங்கும். இது இறங்கவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினாள். நகத்தின் நுனிதான் ஒடிந்தது. விரலை மடக்கித் தட்டினால் கதவைத் தட்டின மாதிரி சத்தம் வந்தது.

"வாடினது குழையும். நான் இறுகியிருக்கேன்," என்றது காய். "இது வாடுறது இல்ல தாயி, முத்துறது."

அந்தச் சொல்லை உலகத்தில் முதன்முதலில் சொன்னது ஒரு சுரைக்காய்தான்.

செவந்தாயி காம்பிலிருந்து அரிவாளை எடுத்தாள். வெறுங்கையோடு இறங்கி, கொள்ளு ரசம் வைத்தாள், கருவாட்டைச் சுட்டாள், இலையைப் போட்டாள். ஒச்சாயிக்கு முகம் விழுந்துவிட்டது. கூரையில் அவ்வளவு பெரிய காய் தொங்குவதை அவள் வரும்போதே பார்த்திருந்தாள்.

"மதினிக்கு என்னமோ கிறுக்கு பிடிச்சிருக்கு," என்றாள் எல்லோரும் கேட்கும்படியாக.

"கிறுக்கு இல்ல ஒச்சாயி. முத்தட்டும்னு விட்டிருக்கேன்."

"எதை, கிறுக்கையா?"

மாப்பிள்ளைக்குச் சிரிப்பில் புரை ஏறியது. வீரணன் தலையைக் குனிந்துகொண்டான். ஒச்சாயி சாப்பிட்ட கையோடு கிளம்பிப் போனாள், சொல்லிக்கொள்ளக்கூட இல்லை. மதினிக்குக் கிறுக்கு முத்திப்போச்சு என்று போகிற வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனாளாம். புதுச் சொல் ஊர் ஊராகப் பரவியது அப்படித்தான்.

செவந்தாயி அசரவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தினமும் ஏணியில் ஏறுவாள், நகத்தை வைத்துப் பார்ப்பாள், இறங்கி வந்து வேலையைப் பார்ப்பாள். வெயில் ஏறியது. கொடி காய்ந்து சருகானது. காய் மட்டும் மரக்கட்டை மாதிரி அப்படியே கிடந்தது. இதைப் பார்த்துக்கொண்டிருந்த பீர்க்கங்காய் ஒரு நாள் சிரிப்பை விட்டுவிட்டு, முத்துவது எப்படி என்று கேட்டது.

"அவசரப்படாம கொடியிலயே இரு. மத்தது தானா வரும்."

பீர்க்கங்காயும் தன் வீட்டுக்காரியிடம் கேட்டுக்கொண்டு நின்றது. ஆனால் பதற்றக்காரக் காய் அது. உள்ளே திரண்டது எங்கே சிந்திப்போகுமோ என்று வயிறு முழுக்க வலை பின்னிக்கொண்டது. அந்த வலையைத்தான் நாம் இன்றைக்கும் முதுகு தேய்க்க எடுத்துக்கொள்கிறோம். அதைப் பார்த்துக் கத்தரியில் ஒன்று, வெண்டையில் ஒன்று என்று அங்கங்கே சில காய்கள் அறுக்காதே என்று கேட்டுக்கொண்டன.

மழை வந்தது. பழக்க தோசத்தில் பெண்கள் எல்லோரும் முறத்தோடு வாசலில் நின்றார்கள். முறத்தில் தண்ணீர்தான் விழுந்தது. மேகம் சொன்ன சொல் தவறவில்லை. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

செவந்தாயி நனைந்துகொண்டே ஏணியில் ஏறிக் காயை இறக்கி, மகள் மடியில் வைத்தாள். பிள்ளை அதைப் பிடித்து ஆட்டியது. உள்ளேயிருந்து கலகலவென்று சத்தம் வந்தது. காயின் கழுத்தை அறுத்துக் கவிழ்த்ததும் முறம் நிறைய விதை. அக்கம்பக்கத்துப் பெண்கள் ஓடி வந்தார்கள். கேட்டவளுக்கெல்லாம் ஒரு கை அள்ளிக் கொடுத்தாள் செவந்தாயி. நம்ப மாட்டேன் என்று சொன்னவர்களுக்கும் கொடுத்தாள்.

சாயங்காலம், முறத்தைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஒச்சாயி வந்து சேர்ந்தாள். வாசலிலேயே நின்றாள்.

"மதினி, அந்தக் கிறுக்குல எனக்கும் ஒரு கை குடு."

செவந்தாயி இரண்டு கையாலும் அள்ளிப் போட்டாள். அந்த நேரம் பார்த்து வீரணன் வயலிலிருந்து வந்தான். மழையில் கரியெல்லாம் வழிந்து நெற்றியில் கோடு கோடாக இறங்கியிருந்தது. காதோரம் முடி வெள்ளை வெளேரென்று தெரிந்தது. ஒச்சாயி வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

"அண்ணே, நீ வாடிட்டியா?"

"வாடல," என்றாள் செவந்தாயி. "உங்க அண்ணன் முத்தியிருக்காரு. சந்தேகமா இருந்தா நகத்தை வச்சுப் பாரு."

வீரணன் சிரித்துக்கொண்டே தலையைத் துவட்டினான். மறுநாள் அவன் கரி பூசவில்லை. மிச்சம் இருந்த விதையைச் செவந்தாயி அந்தக் காயின் ஓட்டுக்குள்ளேயே போட்டு அடைத்து, அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிட்டாள்.

அன்று முதல்தான் கொடிக்கு ஒரு காயைப் பறிக்காமல் முற்ற விடுகிறார்கள். அன்று முதல்தான் சுரைக்காய் வாங்கப் போகிற ஒவ்வொருத்தியும், கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும் என்று, கட்டைவிரல் நகத்தை அதன்மேல் அழுத்திப் பார்க்கிறாள். நகம் இறங்கினால் இன்றைய கூட்டுக்கு, இறங்காவிட்டால் அடுத்த வருசத்துக்கு.